கையில் கயிறு இருக்கும்போது

ஜெரமிக்குக் கோபம் வந்தால் கைதான் முந்தும். புத்தி மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வரும். ஜெலாப்பாங்கில் அவன் வேலை செய்யும் ஃபைபர் படகுப் பட்டறையில் அவனிடம் அறை வாங்காதவர்களை எண்ணிவிடலாம். அதில் ஒருத்தன் விக்னேஸ்வரன். பத்து வருஷமாய் 'மச்சான், மச்சான்' என்று ஒட்டிக்கொண்டு திரிகிற கூட்டாளி.

பட்டறையில் யாரோ போட்டுவிட்டுப் போன பழைய கேட்டமரானை இரண்டு பேரும் மூன்று மாதம் ஒட்டிப் பூசித் தேற்றியிருந்தார்கள். இரண்டு ஒல்லி ஓடம், நடுவில் உட்கார ஒரு வலை, மேலே ஒரு பாய், அவ்வளவுதான். மெர்டேக்கா சுதந்திர தின லீவுக்கு லோரியில் ஏற்றி தெலுக் பாத்திக் கடற்கரையில் இறக்கினார்கள். ஜெரமியின் தங்கச்சி வலேரியும் வந்திருந்தாள். தாப்பாவில் பாலர் பள்ளி ஆசிரியை. அப்பா போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். அவள்மேல் தூசி பட்டாலும் இவனுக்குப் பொறுக்காது.

மேற்கே வானம் கறுத்துக்கிடந்தது. அலை கொஞ்சம் முரட்டுத்தனமாய்த்தான் வந்தது. மிதவைச் சட்டை போட்டு வலேரி வலையில் உட்கார்ந்துகொண்டாள். படகின் மூக்கு அலையைப் பார்த்தே நிற்க வேண்டும், திரும்பினால் பாயில் காற்று அடைத்துக் கவிழ்த்துவிடும் என்று விக்னேஸ்வரன் கரையிலேயே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். மூக்கில் கட்டிய கயிறு ஜெரமியின் கையில். நெஞ்சளவு தண்ணீர். விக்னேஸ்வரன் பாயை ஏற்றிவிட்டுக் குதித்து அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், இனிமே உன்னை நெசமாவே மச்சான்னுதான் கூப்பிடணும்லா. போன மாசம் நானும் வலேரியும் ரெஜிஸ்டர் பண்ணிட்டோம்."

கையில் கயிறு இருந்தால் அண்ணன் அடிக்க மாட்டான். வாரக்கணக்காய் மண்டையைப் பிய்த்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் கண்டுபிடித்த யோசனை இது. பாவம்.

முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு கிழிந்து பல்லில் தைத்தது. அடுத்தது காதோரம். கோயிலா சர்ச்சா என்பதெல்லாம் ஜெரமியின் நினைவிலேயே இல்லை. ஃபைபர் வாங்கப் போகிறேன் என்று விக்னேஸ்வரன் தாப்பாவுக்குப் போய் வந்த சனிக்கிழமைகளைத்தான் எண்ணி எண்ணிக் குத்தினான். ஒரே தட்டில் சாப்பிட்ட பயல், கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டானே! முடியைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான், முழங்காலால் விலாவில் இடித்தான். விக்னேஸ்வரன் திமிறித் தலையைத் தூக்கினான். திருப்பி அடிக்கவில்லை. அடிபட அடிபட மறுபடி குனிந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தான். ஜெரமிக்கு வெறி ஏறியது. திருப்பி அடிக்கக்கூட வக்கில்லாதவனா தங்கச்சியைக் காப்பாற்றப்போகிறான் என்று பிடரியில் ஓங்கி இறக்கினான்.

அப்போதுதான் வலேரி அலறினாள்.

படகு மூக்கைத் திருப்பி, பாய் புடைத்துப் பாறைப் பக்கமாய்ப் பாய்ந்துகொண்டிருந்தது. பெரிய அலை ஒன்று குறுக்கே அறைந்தது. படகு பக்கவாட்டில் கவிழ்ந்து, பாய் தண்ணீர்மேல் விரிந்தது. வலேரியைக் காணோம்.

ஜெரமி நீந்தினான், கத்தினான், உப்புத் தண்ணீர் குடித்தான். பாய்க்கு அடியில் ஏதோ துடித்தது. மிதவைச் சட்டை அவளைப் பாயோடு சேர்த்து மேலே அழுத்திக்கொண்டிருந்தது. அவளால் முங்கி வெளியே வர முடியவில்லை. நல்ல வேளையாகப் படகு பாறைக்கு இரண்டு அடி முன்னால் வெடுக்கென்று நின்றது. நைந்துபோன பாயைப் பல்லாலும் நகத்தாலும் கிழித்து அவளை வெளியே இழுத்தான். நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம்.

மணலில் கிடத்தினான். வாந்தியெடுத்தாள். இருமினாள். உயிர் இருந்தது. ஜெரமி அழுதேவிட்டான். பயப்படாதே, அண்ணன் இருக்கேன் என்று அவள் தலையைத் தடவினான்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ அடிக்கிறதுக்குக் கயித்த விட்டுட்ட, அண்ணே. அவரு அடி வாங்கிக்கிட்டே அந்தக் கயித்தத்தான் தேடினாரு."

ஜெரமி திரும்பிப் பார்த்தான். பாறைச் சிப்பியில் கிழிந்த காலோடு விக்னேஸ்வரன் ஈர மணலில் உட்கார்ந்திருந்தான். கயிறு அவன் மணிக்கட்டில் சுற்றி, தோலை உரித்து, சதைக்குள் இறங்கியிருந்தது. மறுமுனையில் படகு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

ஜெரமி எழுந்து போய் அவன் முன்னால் மண்டியிட்டான். கயிற்றை அவிழ்க்கத்தான் கையை நீட்டினான். விக்னேஸ்வரன் சட்டென்று முழங்கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.