ஆள் இருந்தால் ஓடலாம்

துக்கத்துக்கு வந்தவர்கள் காபி குடித்த டம்ளர்களை மூத்தவள் மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா போய் அரைநாள்கூட ஆகவில்லை, அழக்கூட விடாமல் பாத்திரம் தேய்க்க வைத்துவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த காகிதக் கப் கட்டை அம்மா பிரிக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தாள்.

"அவருக்குப் பிடிக்காதும்மா."

அவரா கழுவறாரு என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

தெருவில் அப்பாவுக்கு 'சுவிட்ச் சார்' என்று பெயர். கஞ்சன் இல்லை, கேட்டவருக்கு எடுத்துக் கொடுக்கிற கைதான். ஆனால் ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. "இந்தக் கரண்டுக்கு எங்கேயோ கரி எரியுதும்மா" என்று தூங்குகிற பிள்ளையை எழுப்பி பாத்ரூம் லைட்டை அணைக்க வைப்பார். துணி அலசிய தண்ணீரைச் செடிக்குச் சுமந்து சுமந்தே அம்மாவுக்கு இடுப்பு போயிற்று. தம்பியோடு கடைசியாகப் பேசியதும் இந்த வம்புதான். "வருஷத்துக்கு ரெண்டு தரம் பிளேன்ல வரணுமாடா?" என்றார். "அப்ப வரவே இல்ல, போங்க" என்று அவன் போனை வைத்தான். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

இன்று பிளேனில்தான் வந்துகொண்டிருந்தான். அவன் வரும்வரை அப்பாவின் முகம் கெடாமல் இருக்க வேண்டும். அதற்காகவே காலையில் அம்மாவோடு மல்லுக்கட்டி ஐஸ் பெட்டியை வரவழைத்திருந்தாள். "இந்த வெயில்ல பெட்டி நிக்கவே கூடாதும்மா" என்று பெட்டிக்காரர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஈரக்கையோடு போனை எடுத்தாள். தம்பி.

"டாக்ஸில ஏறிட்டேன்கா. அப்பா மூஞ்சி... நல்லா இருக்கா?"

"நல்லாத்தான்டா இருக்கு. பதறாம வா."

சொன்ன பிறகு, ஒருமுறை பார்த்துவிடலாம் என்று முன்னறைக்குப் போனாள். புழுக்கம் தாங்காமல் வந்தவர்கள் எல்லாரும் வெளியே மரத்தடிக்குப் போயிருந்தார்கள். அறை நிசப்தமாக இருந்தது. பெட்டியின் சத்தத்தையே காணோம். கண்ணாடி முழுக்க உள்பக்கம் வேர்த்திருந்தது. சுவரில் சுவிட்ச் அணைந்து கிடந்தது.

ஓடிப்போய்ப் போட்டாள். பெட்டி ஒரு உலுக்கு உலுக்கி ஓட ஆரம்பித்தது.

"யாரு இதை ஆஃப் பண்ணது?"

அடுக்களையிலிருந்து அம்மா வந்தாள்.

"நான்தான்டி."

"அம்மா, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"எல்லாரும் வெளிய போயிட்டாங்க. ரூம்ல யாருமே இல்ல, சும்மா ஓடிட்டு இருந்துச்சு..."

சொல்லிக்கொண்டே வந்த அம்மா பாதியில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள்.

"யாருமே இல்லன்னு..." என்றாள் மறுபடி, மெதுவாக. "கை தானா போயிடுச்சுடி."

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உயிரோட இருந்தப்பதான் நிம்மதியா காத்து வாங்க விடல. செத்தும் உன் கையைப் பிடிச்சு ஆட்டறாரு. அவன் அங்கிருந்து அடிச்சுப் பிடிச்சு வரான், அவனுக்கு நான் எதைக் காட்டறது?"

மூத்தவள் பெட்டிக்காரருக்குப் போன் போட்டாள். எவ்வளவு நேரம் நின்றது என்றார். அம்மாவைக் கேட்டாள். சமையல் பாத்திரங்களை ஒதுக்கப் போகும்போது அணைத்தாளாம், பத்து நிமிஷம்தான் இருக்குமாம். அப்படியென்றால் ஒன்றும் ஆகியிருக்காது, இனி நிறுத்தாதீர்கள் என்றார் அவர். அதற்குள் கண்ணாடியில் வேர்வை வற்றி நெற்றி தெரிந்தது, பிறகு மூக்கு. அப்பா அப்பாவாகத்தான் இருந்தார். அப்போதுதான் மூத்தவளுக்கு மூச்சு வந்தது, கூடவே இத்தனை நேரம் வராத அழுகையும்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அம்மா நாற்காலியை இழுத்துப் பெட்டியை ஒட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இங்கயே இருக்கேன். ஆள் இருந்தா ஓடலாம்னுதான் சொல்லுவாரு."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மரத்தடியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தம்பியின் குரல் கேட்டது. அம்மா எழுந்திருக்கவில்லை. வலது கையை மடியில் வைத்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.