இடது பக்கத்துப் புள்ளிகள்

காத்தவராயன் யோசிக்காமல் சொன்ன ஒரு வார்த்தையால் பலராமனுக்கு வேலை போயிற்று. 1960ஆம் வருஷம், மாசி மாதம் அது.

சாரம் என்கிற ஊரில் ரோட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு, கார்களுக்கும் பஸ்களுக்கும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான் காத்தவராயன். அன்றைக்கு ஒரு பஸ்ஸுக்கான பச்சையைக் கலந்துகொண்டிருந்தபோது, முசே ஆலேனின் பால் நிறக் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பலராமன். பின் சீட்டில் முசே.

முசே ஆலேன் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்; அதனால் ஊரே அவரை ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் முசே என்றது. சைகோனில் சுங்க இலாகாவில் முப்பது வருஷம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர். காரும் அவரோடு கப்பலில் வந்தது. அதன் மேல் ஒரு கீறல் விழுந்தால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"பாரு இத," என்றார் கைத்தடியால் காட்டி. கதவிலும் மட்கார்டிலும் பழுப்பாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒன்றுகூடக் கடுகு அளவு இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. "எதனால இது?"

காத்தவராயன் கலக்குகிற குச்சியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "துருதான் முசே. கடக்கரையில வண்டிய நிறுத்தினா உப்புக் காத்துல இப்படித்தான் ஆவும்."

"நான் கடக்கரைக்கி வண்டிய எடுக்கச் சொன்னதே இல்லியே."

சொல்லிவிட்டு முசே மெதுவாகத் திரும்பிப் பலராமனைப் பார்த்தார். பலராமன் தரையைப் பார்த்தான். முகம் சாம்பலாகப் போயிருந்தது.

மறுநாளே அவனை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டபோது காத்தவராயனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தான் சொன்னது சரிதானே, அவன் முகமே காட்டிக் கொடுத்துவிட்டதே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். உப்புத்தாள் போட்டுப் புள்ளிகளைத் தேய்த்தான். தேய்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. துரு தகட்டிலிருந்து கிளம்பியிருந்தால் பெயின்ட் உப்பி, உள்ளே அரித்திருக்க வேண்டும். இங்கே அடியில் தகடு கண்ணாடி மாதிரி இருந்தது. அதென்ன என்று யோசிப்பதற்குள் பஸ்காரன் வந்து சத்தம் போட, அந்த நினைப்பு அப்படியே போய்விட்டது. பிரைமர் வைத்து, நிறம் சேர்த்து அடித்து, வண்டியைத் தானே ஓட்டிப்போய் முசே வீட்டு வாசலில் விட்டு வந்தான்.

நாலு வாரம் கழித்து, ஆள் தள்ளிக்கொண்டு ஓடுகிற ஒரு புஷ்புஷ் வண்டியில் முசே ஆலேன் வந்து இறங்கினார். இறங்கும்போதே கைத்தடி ஆடியது.

"உன் வேல சுத்த மோசம். எல்லாம் திரும்பி வந்துடிச்சி."

"அதுக்குள்ளயா? யாரு முசே வண்டி ஓட்றது இப்ப?"

"யாரும் இல்ல. நல்ல டிரைவர் கெடைக்கல. நீ கொண்டாந்து விட்ட எடத்துலயே நிக்கிது."

காத்தவராயன் கையிலிருந்த பிரஷ்ஷைத் தகர டப்பாவில் போட்டான். "நகரவே இல்லியா?"

"அங்குலம்கூட நகரல."

அவரோடேயே கிளம்பிப் போனான். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வீடு. வாசலில் வடக்கே பார்த்து நின்றது கார். காத்தவராயன் அதை ஒரு சுற்றுச் சுற்றினான். பிறகு குந்தி உட்கார்ந்து இன்னொரு சுற்று. முசே பொறுமையில்லாமல் தொண்டையைச் செருமினார். அவன் காதில் அது விழவில்லை.

கடல் இருப்பது கிழக்கே. காரின் வலது பக்கம்தான் கடலைப் பார்த்து நின்றது. அந்தப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. கூரையும் சுத்தம். வீட்டுச் சுவரைப் பார்த்த இடது பக்கத்தில், முழங்கால் உயரத்திலிருந்து கதவுக் கைப்பிடி வரைக்கும், யாரோ எடுத்து வீசிய மாதிரிப் புள்ளிகள்.

"முசே, உப்புக் காத்து சொவத்துலேர்ந்து வருமா?"

"என்ன பேசுற?"

"நான் தப்பா சொல்லிட்டேன் போல இருக்கு," என்றான் காத்தவராயன்.

முசே புருவத்தைச் சுருக்கினார். "அப்ப என்னா இது?"

"தெரியல. தெரிஞ்சிக்காம இந்த வண்டியத் தொட மாட்டேன்."

முசேவின் மனைவி மதாம் லுயீஸிடம் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி, ஒரே ஒரு புள்ளியின் மேல் இரண்டு சொட்டுப் பிழிந்து ஈரத்துணியை ஒட்டி வைத்தான். அரைமணி கழித்துத் துணியை எடுத்தால் பழுப்பு கரைந்து வழிந்திருந்தது. நடுவில் ஊசிமுனைபோல ஏதோ கறுப்பாக நின்றது. நகத்தின் மேல் துணியைச் சுற்றிக்கொண்டு மெல்ல நெம்பினான். வந்துவிட்டது. அது இருந்த இடத்தில் பால் நிறத்தில் ஒரு சின்னப் பள்ளம் மட்டும். பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பு தான் உப்புத்தாள் போட்டுத் தகடு தெரியத் தேய்த்தது எவ்வளவு வீண் வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

பத்துப் பன்னிரண்டு புள்ளிகளை அப்படியே எடுத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் சேர்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராகப் பெரிய மார்க்கெட் பக்கம் கடிகாரம் பழுது பார்க்கும் இராமதாஸிடம் போனான். இராமதாஸ் அவனுக்குப் பழக்கம். சைக்கிள் டைனமோவிலிருந்து கழற்றிய ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் பிடித்தார்கள். தூள் எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்த, அது பின்னாலேயே ஊர்ந்தது.

"இரும்பு," என்றார் இராமதாஸ். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"என்னாண்ணே?"

"நீயே பாரு. அரத்துல ராவின தூளுன்னா சுருள் சுருளா இருக்கும். தெனமும் பாக்கறேன். இது அப்படி இல்ல."

காத்தவராயன் பார்த்தான். கரைந்துபோன சிலதை விட்டால் மீதியெல்லாம் உருண்டை. குட்டிக் குட்டி இரும்பு முத்துகள்.

"இரும்பு உருண்டையாவணும்னா உருகணும்," என்றார் இராமதாஸ்.

உருகிப்போய், காற்றில் பறந்து, சூடு தணிவதற்குள் பெயின்ட்டில் புதைந்திருக்கிறது. அதுதான் அந்தப் பள்ளம். பிறகு பனியிலும் கடல் ஈரத்திலும் துருப்பிடித்திருக்கிறது. இவ்வளவும் காத்தவராயனுக்கு மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்குள் புரிந்துவிட்டது. தெருவில் நிற்கிற காரின் மேல், அதுவும் முழங்கால் உயரத்தில், நெருப்பு எங்கிருந்து வரும் என்பதுதான் புரியவில்லை. அந்தத் தெருவில் கொல்லுப்பட்டறை கிடையாது. கம்பி வேலை நடக்கவில்லை. வீட்டுக்குள்ளேயும் தேடிப் பார்த்தான். மதாம் லுயீஸ் சிரித்துக்கொண்டே அடுப்பங்கரையைக்கூடத் திறந்து காட்டினாள்.

அவன் ஓர் அட்டையை எடுத்து, பால் நிறப் பெயின்ட்டை அடித்துக் காய வைத்து, காரின் இடது கதவில் கயிறு போட்டுக் கட்டினான். இரும்பு விழுந்திருந்தால் விடிவதற்குள் துருப்பிடித்துத் தெரியட்டும் என்று, தினமும் சாயங்காலம் வந்து அதன்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுப் போவான். மறுநாள் காலையில் வந்து பார்ப்பான். தெருக்காரர்கள், காருக்கு வேண்டுதலா என்று கேட்டார்கள். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ஒரு பஸ் வேலையில் காலையில் வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளி.

"சனிக்கிழம என்னா நடக்குது இங்க?" என்று முசேவிடம் கேட்டான்.

"எனக்கெப்படித் தெரியும்? சனிக்கிழம காலையில நான் மீன் வாங்கப் போயிடுவேன். புஷ்புஷ்ல. கார்ல மீன் வாட வரக் கூடாதில்ல? முன்னல்லாம் பலராமன் கூடையத் தூக்கிக்கிட்டுக் கூட வருவான்."

வருஷக்கணக்காகச் சனிக்கிழமைக் காலைகளில் முசே, பலராமன் இரண்டு பேருமே அங்கே இருந்ததில்லை.

அடுத்த சனிக்கிழமை காத்தவராயன் விடிந்ததும் வந்து எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டான். முசேவும் மீன் வாங்கப் போகாமல் ஜன்னல் கதவின் பின்னால் ஒளிந்துகொண்டார். எட்டு மணி சுமாருக்குக் கத்தி தீட்டுகிற முருகையன் வந்தான். தோளில் சாணைச் சக்கரம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. காருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே காரின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. அவன் சக்கரத்தை அந்த நிழலில் இறக்கி, முண்டாசால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாணை... சாணைபிடிக்கறது!" என்று கூவினான். வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு முதல் நாளே கத்தி தீட்டுகிற தெரு அது. முதலில் வந்தவள் மதாம் லுயீஸ். கையில் மூன்று கத்திகள்.

முருகையன் காலால் மிதித்தான். சக்கரம் சுழன்றது. கத்தியை வைத்ததும் பொறிகள் மத்தாப்பு மாதிரிக் கிளம்பின. நேராகப் போய்க் காரின் இடது கதவில் விழுந்தன.

ஜன்னல் கதவு படாரென்று திறந்தது. "மோந்தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுக் கத்தினார் முசே ஆலேன்.

முருகையன் பயந்து சக்கரத்தை நிறுத்தினான். "முக்குல இருந்த மரத்தத் தையில வெட்டிட்டாங்க, அதான் நிழலுக்காவ இங்க ஒக்காந்தேன் சாமி. வண்டியத் தொடவே இல்ல."

"தொட வேணாம்யா, உன் பொறியே போதும்," என்றான் காத்தவராயன். பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து அந்த உருண்டைகளைக் காட்டினான். முருகையன் அவற்றை விரல் நுனியில் ஒற்றி எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான்.

"இருவது வருசமா பொறி பாக்கறேன்," என்றான் மெல்ல. "அணைஞ்சி போச்சின்னா ஒண்ணும் இல்லாமப் போயிடும்னுதான் நெனச்சிருந்தேன்."

முசே வெளியே வந்தார். கோபப்பட வந்தவர், மனைவி கையில் இருந்த தன் வீட்டுக் கத்தியைப் பார்த்ததும் கைக்குட்டையை விரித்துப் பிடித்து, "இன்னொரு தடவ மிதி," என்றார். பொறிகள் துணியில் விழுந்தன. அவர் குனிந்து, கறுப்புத் துளிகளை ஒன்றொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கடைசியில் கைக்குட்டையை மடித்துக்கொண்டு கேட்டார்:

"பலராமன் எங்க இருக்கான்?"

தட்டாஞ்சாவடி தாண்டி ஒரு செங்கல் சூளையில் லாரி ஓட்டுகிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். ஆள் அனுப்பலாம் என்றாள் மதாம். முசே கேட்கவில்லை. காத்தவராயன் காரை ஓட்ட, அவர் பின் சீட்டில் உட்கார்ந்து போனார். சூளைக்குப் போகிற தடத்தில் செம்மண் புழுதி காரை மூடியது. கண்ணாடியை ஏற்று என்றுகூட முசே சொல்லவில்லை.

பலராமன் லாரியில் கல் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். காரைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.

காத்தவராயன்தான் முதலில் பேசினான். "அண்ணே, நான் பாக்காம கொள்ளாம ஒரு வார்த்த சொல்லிட்டேன். அது கடக் காத்து இல்ல. சாணைக்காரன் பொறி. உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

பலராமன் நம்பாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பொறியா?"

"பார்தோன், மன்னிச்சிடு பலராமன்," என்றார் முசே. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார். "நான் அவசரப்பட்டுட்டேன். வேலைக்கி வந்துடு."

பலராமனின் கண் கலங்கியது. "இல்லிங்க முசே. தப்பு பண்ணேன். ஒரு நாளு நீங்க கோயிலுக்குப் போயிருந்தப்ப, என் பொண்ணு சந்திரகலாவ ஏத்திக்கிட்டுக் கடக்கரைக்கிப் போனேன். அது கார்ல ஒக்காந்ததே இல்லன்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சி. அன்னிக்கி அலை பெருசு. தண்ணி தெறிச்சிடிச்சி. இவுரு கடக் காத்துன்னு சொன்னதும் என்னாலதான் வண்டி கெட்டுப்போச்சின்னு நெனச்சேன். அதான் வாயத் தெறக்கல."

சொல்லாமலே இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை. காத்தவராயன் முசேவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, காலடியில் கிடந்த செங்கல் துண்டைப் பார்த்தான்.

முசே காரைத் திரும்பிப் பார்த்து, "எந்தப் பக்கம் தெறிச்சிது?" என்றார்.

"வலது பக்கம் முசே."

"வலது பக்கம்," என்றார் முசே. திரும்பிப்போய்க் காரின் வலது பக்கத்துப் புழுதியை உள்ளங்கையால் துடைத்தார். பால் நிறம் பளபளத்தது. ஒரு புள்ளி இல்லை. குனிந்து கீழ்ப்பகுதியையும் துடைத்துப் பார்த்தார். அங்கேயும் இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பலராமன் புரியாமல் விழித்தான். "அடுத்த தடவ என்னக் கேட்டுட்டுப் போ," என்றார்.

"சூளைக்காரருக்கு ஆனி கடைசி வரைக்கும் வர்றேன்னு சொல்லிட்டேன் முசே. நடுவுல விட்டுட்டு வர முடியாது."

"ஆடியில வா. அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

திரும்பும்போது முசே ஆலேன் பின் சீட்டில் உட்காராமல் முன்னால் வந்து உட்கார்ந்தார். அந்தக் காந்தம் எவ்வளவு பெரியது, எலுமிச்சைக்குப் பதில் புளித்தண்ணீர் ஆகுமா, உருண்டை எல்லாம் ஒரே அளவா என்று சாரம் வரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். காத்தவராயனும் தனக்குத் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான்.