ஜெபமாலை முடிவதற்குள்

நியூ கலிடோனியாத் தீவில், கன்னியர் மடத்துத் தோட்டத்தில், சுவரில்லாத ஒரு குடில் உண்டு. தண்டனை முடிந்து காணி பெற்ற ஆண்கள் புதன்கிழமைகளில் அங்கே பெண் பார்க்க வருவார்கள். பெண்களும் பிரான்ஸிலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதிகள்தான். மூன்று புதன் பேசலாம். மடத்துத் தலைவி மதர் பெர்ப்பெத்துவா ஜெபமாலை சொல்லிக்கொண்டே குடிலைச் சுற்றுவார். அது முடிவதற்குள் பேச்சும் முடிய வேண்டும். மூன்றாம் முறை சம்மதமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

விக்டோரினுக்கு அன்று மூன்றாம் முறை. தன்னைப் பார்க்க வந்த அனத்தோலிடம், பிள்ளை இல்லையென்று முதல் புதனன்றே பொய் சொல்லியிருந்தாள். உண்மையில் நான்கு வயது மகள் கிளெமான்ஸ் பிரான்ஸில் ரூவான் நகர அநாதை விடுதியில் இருந்தாள். கல்யாணப் பத்திரத்தில் கணவன் ஒப்புக்கொண்டு எழுதினால்தான் சர்க்கார் கப்பல் குழந்தையை ஏற்றும். பிறகு வழியே கிடையாது.

"கோழி ஏழு, பன்னி ரெண்டு, கூரை பாதி," என்று சிரித்தான் அனத்தோல். "மழை வந்தா பன்னியோட நாமளும் ஒண்டிக்கணும்."

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா," என்றாள் அவள்.

அவன் முகம் இறுகியது. "ரெண்டு வாரமா வாய்க்குள்ள என்ன வச்சிருந்தே?"

"பயத்தை. அவ வரலைன்னா நானும் வரலை. திரும்ப ஜெயிலுக்கே போறேன்."

அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். மதரின் விரலில் கடைசி மணியும் நகர்ந்தது. அவர் இருவரையும் பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல முதல் மணியைப் பிடித்து மறுபடி தொடங்கினார்.

"நான் எதுக்கு உள்ள போனேன்னு நீ கேக்கவே இல்ல," என்றான் அனத்தோல். "குடிபோதையில என் அண்ணனை அடிச்சேன். செத்துட்டான். அந்த வீட்டுக்கா பிள்ளையைக் கூட்டிட்டு வரே?"

விக்டோரின் அவன் கைகளைப் பார்த்தாள். அவன் அவற்றைத் தொப்பிக்கு அடியில் மறைத்துக்கொண்டான்.

"இப்பவும் குடிக்கிறீங்களா?"

"பதினோரு வருசமா தொட்டதில்ல. ஆனா அவன் நெனப்பு வர்ற நாள்ல யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆத்தங்கரைக்குப் போயிடுவேன்."

"போங்க. சோத்தை மூடி வச்சுடறேன்."

அவன் கைகளை வெளியே எடுத்தான். "பாப்பா பேரென்ன?" என்றான்.

அவள் சொன்னாள். அவன் எழுந்து மதரிடம் போனான். "பத்திரத்துல அந்தப் புள்ளையையும் எழுதச் சொல்லுங்க மதர்."

விக்டோரின் மண்டியிட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். பாதி ஜெபத்தில் வார்த்தை நின்றுவிட்டது. நான்கு மாதக் கடல் பயணம், கொலை செய்த ஒருவனின் வீடு. வருகிறாயா என்று அந்தக் குழந்தையை மட்டும் யாரும் கேட்கவில்லை. தன்னைக் கப்பலேற்றிய அன்றும் யாரும் கேட்கவில்லை.

"அவளைப் பாத்துக்கும் ஆண்டவரே," என்றாள்.