சம்பந்திகள் சொன்ன விதிகள்

நகரப் போக்குவரத்து அலுவலகத்தில் அவளுக்குக் கொடுத்த வேலை, நிபுணர்களின் அறிவைக் கணினிக்குள் ஏற்றுவது. எந்தச் சாலையில் நெரிசல் என்று சொன்னால், அங்கே கார்களைக் குறைக்க அது வழி சொல்ல வேண்டும். நிபுணர்கள் இருவர். பேருந்துப் பிரிவின் தலைவர் அவளுடைய அப்பா. வாகன நிறுத்தப் பிரிவின் தலைவர் அவள் மாமனார். இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

பேருந்தைக் கூட்டினால் கார் தானாகக் குறையும் என்றார் அப்பா. பேருந்தைக் கூட்டினால் பேருந்துதான் கூடும், நிறுத்தக் கட்டணத்தை ஏற்றினால்தான் கார் குறையும் என்றார் மாமனார். ஒவ்வொரு விதியும் எவ்வளவு உறுதி என்று நூற்றுக்கு ஓர் எண்ணும் சொல்ல வேண்டும். அப்பா நூறு என்றார். அதைக் கேள்விப்பட்ட மாமனார் தம்முடையதை நூற்றிருபதாகப் போடச் சொன்னார். நூற்றுக்கு மேல் கணினி ஏற்காது என்று அவள் விளக்கினாள்.

"அப்போ உங்கப்பாவோடத எண்பதாக்கிடும்மா."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவள் இருவருக்கும் அறுபது போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரே காரில் போகலாம் என்று தானும் ஒரு விதி சேர்த்தாள்.

பரிசோதனை நாளில் போக்குவரத்து ஆணையர் வந்தார். அலுவலக வாசலிலேயே நெரிசலில் மாட்டிய கடுப்பில், அந்த வாசல் நெரிசலுக்கே கணினியிடம் வழி கேட்கச் சொன்னார். யார் யார் எங்கிருந்து எப்படி வருகிறார்கள் என்று கணினி கேட்டது. சம்பந்திகள் இருவரும் ஒரே தெரு, எதிரெதிர் வீடு, ஆளுக்கொரு கார். பதில் திரையில் வந்தது.

"நாளையிலேருந்து ரெண்டு பேரும் ஒரே வண்டியில வாங்க. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி நாம செஞ்சு காட்டுவோம்," என்றார் ஆணையர்.

மாமனார் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் வயிற்றைப் புரட்டும் என்றார் அப்பா. அப்பா ஓட்டினால் போய்ச் சேர்வதற்குள் வேலை நேரமே முடிந்துவிடும் என்றார் மாமனார். மறுநாள் காலை இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். வந்த பேருந்தில் ஒரே ஓர் இருக்கைதான் காலி. நீங்க உட்காருங்க சம்பந்தி, இல்ல நீங்க உட்காருங்க என்று இவர்கள் மரியாதை பார்ப்பதற்குள் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்.

வாரக் கடைசியில் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரையே சேர்ந்து திட்டும் அளவுக்கு வந்திருந்தார்கள். இன்னும் நாலு பேருந்து வேண்டும் என்று மாமனாரே வாய்விட்டுச் சொன்னார். நிறுத்தத்தை மறித்து நிற்கும் கார்களுக்குக் கட்டணத்தைத் தீட்டிவிட வேண்டும் என்றார் அப்பா. அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் வீடு திரும்பினால், தெருவில் இரண்டு கார்களும் உறுமிக்கொண்டிருந்தன. சும்மா நிற்கிறதே என்று ஒன்றை அம்மாவும் மற்றதை மாமியாரும் கிளப்பியிருந்தார்கள். இருவரும் போவது ஒரே கடைவீதிக்கு. ஒரே வண்டியில் போகலாமே என்று அவள் அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அவங்களோடயா? அதுக்கு நான் நடந்தே போயிடுவேன்."

நடப்பதும் நல்ல யோசனைதான். ஆனால் அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை.