பத்துக்கு ஆறு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அது நடந்தபோது நான் சிரித்தேன். அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பல வருடமாகக் குடியிருக்கும் குமாசி நகரத்தில் என் பக்கத்து வீட்டுப் பெண் செர்வா. பிரிட்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி வியாழக்கிழமை அவளைக் கணினித் திரை வழியாக நேர்காணப் போகிறது. அதில் ஒரு பகுதி நடிப்பு: டாக்டராக நடித்து, எதிரே இருப்பவரிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும்.

2

'கெஜேத்தியா சந்தையின் இரைச்சலில் பொழுது விடிந்தது, அப்போது...'

வேண்டாம். செர்வாவின் அம்மா கொனாடு அங்கே துணி விற்கிறாள் என்பதைத் தவிர, சந்தைக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

ஒத்திகையில் கொனாடுதான் எப்போதும் நோயாளி, நான் வேடிக்கை பார்ப்பவள். முதல் நாளே சண்டை.

"தண்ணி எங்கடி? உக்கார வச்சு, தண்ணி குடுத்து, அப்பறந்தான் சேதி. டாக்டருக்குப் படிக்கப் போறவளுக்கு இதுகூடத் தெரியலையே!"

"அம்மா, மொத்தமே எட்டு நிமிஷம். நீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க."

கடைசியில் சமாதானம்: கோப்பை உண்டு, தண்ணீர் கிடையாது. செர்வா காலி எனாமல் கோப்பையை நீட்டுவாள். அம்மா மடக்மடக்கென்று குடிப்பதுபோல் நடிப்பாள். (நான் சிரித்தது இதற்கல்ல.)

3

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொனாடு, "இன்னிக்கு நான் டாக்டர். நீ நோயாளியோட மக" என்றாள். [அவள் குரல் நடுங்கியது என்று எழுதி அடித்துவிட்டேன். நடுங்கவில்லை.] மகளை உட்கார வைத்தாள். கோப்பையைக் கையில் கொடுத்தாள்.

"எதுவும் கெட்டுப் போகலம்மா.* ஆனா ஒரு சேதி இருக்கு. உங்கம்மாவுக்கு மார்புல ஒரு கட்டி. போன வாரம் ஊசி குத்தி எடுத்துப் பாத்தாங்க. புத்துநோய்னு சொல்லிட்டாங்க."

செர்வா விரல்விட்டு எண்ணினாள். "சுத்தி வளைக்கற. முக்கியமான வார்த்தை கடைசியில வருது. என் கண்ணப் பாக்கவே இல்ல. பத்துக்கு ஆறு."

"பரவால்ல, பாஸாயிட்டீங்க டாக்டரம்மா!" என்று கைதட்டிச் சிரித்தேன்.

செர்வா வழக்கம்போல் கோப்பையை வாயருகே கொண்டுபோய்க் கவிழ்த்தாள். தண்ணீர் அவள் கழுத்தில் வழிந்து சட்டையை நனைத்தது.

* கெட்ட செய்தியையும் இங்கே இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இத்தனை வருடம் இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

4

முடிவு ஒன்று: செர்வாவுக்கு இடம் கிடைக்கிறது, கொனாடு குணமாகிறாள். எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு இரண்டு: செர்வா நேர்காணலுக்கே போகவில்லை, ஏனென்றால் அவள்

இதற்கு மேல் கை ஓடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஈரச் சட்டையோடு செர்வா கேட்டாள்: "ஏம்மா இப்படிச் சொன்ன?"

"வேற எப்படிடி சொல்றது? தினம் உன்கிட்டதான கத்துக்கறேன்."

5

இன்று புதன்கிழமை. காலையில் செர்வா என் வாசலில் வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நாளைக்கு நான் உக்காந்தா... திரையில வர்றவங்ககிட்ட, முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கன்னு சொல்லலாமா? மார்க் போயிடுமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். சாயங்காலம் மறுபடி வருவாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?