பன்றி நிழலில் ஒரு காதுகுத்து

சுந்தரபாண்டியின் பன்றிகள் வைகாசி மாதத்து மத்தியானம் ஒன்றில் தரையைவிட்டுக் கிளம்பின. முதலில் தாய்ப்பன்றி, தூக்கம் கலையாமலே, கொட்டகைக் கூரை முதுகில் இடிக்கும்வரை எழும்பியது. பின்னால் குட்டிகள், காம்பைத் தேடிக்கொண்டே. அந்நேரம் கரிசலில் வெயிலைத் தவிர நடமாட்டம் இல்லாததால் பார்த்தவன் அவன் மட்டுமே. கயிறு எடுக்கப் போனான்.

டவுனில் நடந்த பயிற்சி வகுப்பில் பன்றியின் நன்மைகளை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அருப்புக்கோட்டை ஓட்டல் மிச்சம் போதும், ஈற்றுக்குப் பத்துக் குட்டி, மேய்க்க ஆள் வேண்டாம். பன்றிக்கு வியர்க்காது, குடிக்கிற தண்ணீரைவிடக் குளிக்கிற தண்ணீர் அதிகம் என்பது போர் வற்றிய பிறகு தெரிந்தது. சொந்தமும் வற்றும் என்பதைச் சித்திரையில் பரளச்சியிலிருந்து வந்த அக்கா ஒச்சம்மாள்தான், மூக்கை மூடிய முந்தானையை எடுக்காமலே சொன்னாள்.

"ஏலே, எங்க வீட்டுக்காரவுக மூஞ்சியில நான் முழிக்க வேணாமா? ஆவணியில யுவராணிக்குக் காதுகுத்து. அதுக்குள்ள இதுகள வித்துத் தொலை. இல்லைன்னா நம்ம சித்தப்பா மகன் மடியில உக்கார வச்சிருவேன்."

தாய்மாமன் உயிரோடிருக்க இன்னொருவன் மடியில் காது குத்தினால், அந்த மாமனை ஊர் பாதி செத்தவனாகவே நினைக்கும். அவனுக்கு ஒரே அக்கா, ஒரே மருமகள். விற்றுவிட முடிவுசெய்து, எடை ஏறட்டும் என்று தீனியை இரட்டிப்பாக்கினான். அதுதான் தப்பாய்ப் போனது. தின்னத் தின்ன எடை குறைந்தது. ஓட்டல் மிச்சத்தில் வந்த பரோட்டா உப்பியதே காரணம் என்றார்கள். பரோட்டா தின்ற மனிதர் யாரும் கிளம்பியதாகத் தகவல் இல்லை.

பந்தல்குடி வியாபாரி வந்து தராசில் கட்டினார். பன்றியோடு தராசும் மேலே போயிற்று. "மாப்ளே, இத லோடு ஏத்துனா என் வண்டியும் கிளம்பிரும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

பறக்கிற பன்றியிலும் நன்மை தீமை உண்டு. நாற்றம் உயரே போய்விட்டது. திருச்சுழிப் பக்கத்து ஊர்கள் சில ஆகாயத்தைச் சந்தேகித்தன. எரு தானாகவே சோளத்தில் விழுந்தது, சமயத்தில் சோளம் பார்க்க வந்தவர் மேலும். உறங்கும் பன்றிகளின் நிழல்கள் நில வெடிப்புகளைத் தடவியபடி ஊர்ந்தன. ஆடு மேய்ப்பவர்கள் அந்த நிழலோடு நகர்ந்து, நடந்தபடியே கண்ணயர்ந்தார்கள்.

ஆவணி வந்தது. குலசாமி கோயில் பொட்டலில் மரமில்லை. சாமியானா ஏற்றிய டெம்போ வழியில் பஞ்சர். சித்தப்பா மகன் சம்மணம் போட்டு மடியைத் தயாராக வைத்திருந்தான். வெயில் தாளாமல் குழந்தை கதறியது. பன்றிகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவரும் சம்மதிக்காததால், சுந்தரபாண்டி கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டு கரிசல் வழியே வந்தான். அவனுக்கு முன்னால் நிழல் வந்து சேர்ந்தது.

சம்பந்திமார் முதலில் முகம் துடைத்தார்கள், பிறகு கால் நீட்டினார்கள். குழந்தை அண்ணாந்து பார்த்து அழுகையை நிறுத்தியது. ஒச்சம்மாள் அதைத் தூக்கித் தம்பி மடியில் வைத்தாள். ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தபோதும் அது குட்டிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏலே பாண்டி, அந்தப் பெருச கொஞ்சம் கெழக்கால இழுத்துக் கட்டு. எங்க அத்தை மேல வெயிலடிக்கிது" என்றாள் அக்கா.

கட்டினான். அந்தப் பக்கத்தில் இப்போது விசேஷ வீட்டார் சாமியானாவுக்குச் சொல்வதில்லை. முதல்நாள் தீனி போட வேண்டாம் என்று மட்டும் சுந்தரபாண்டியிடம் சொல்லிவிடுகிறார்கள்.