பதினாறாவது சொடுக்கு

செம்மண்டலம் பக்கிரியின் இடது கையைப் பற்றிக் கடலூரில் சொல்லப்பட்டவற்றில் பாதிதான் பொய். கியர் குமிழின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால், பெட்டிக்குள் எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இது உண்மை. வண்டி ஓட்டுகிறவருக்கு எந்தக் கடைவாய்ப் பல் சொத்தை என்பதையும் சேர்த்தே சொல்வார். நம்பாதவர்கள் திட்டக்குடிக்குப் போய், லாரிக்கார உத்திராபதியின் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

அவருடைய மெக்கானிக் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு. கியர் வேலை முடிந்ததும் பக்கிரியே வண்டியில் சிதம்பரம்வரை போய்த் திரும்புவார். வந்து நின்றதும் குமிழின்மேல் கை வைத்து "சரி" என்பார். அந்தச் 'சரி' விழாமல் இருபத்தெட்டு வருஷமாக எந்த வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை.

அந்தக் கைதான் போய்விட்டது.

வெட்டுப்பட்டுப் போயிருந்தால் ஊரே வந்து பார்த்து ஆரஞ்சுப் பழம் கொடுத்திருக்கும். இது சர்க்கரை. விரல் நுனியில் ஆரம்பித்த மரமரப்பு, 2009 தை மாதத்துக்குள் மணிக்கட்டைத் தொட்டுவிட்டது. சூடான சைலன்சரில் கையை ஊன்றிக்கொண்டு பக்கிரி அரைமணி நேரம் அரசியல் பேசியிருக்கிறார். கொப்புளத்தைக் கண்டுபிடித்தது மனைவி லோகநாயகிதான்.

"ஏங்க, இது எப்ப சுட்டுது?"

"நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"டாக்டர் என்னதான் சொல்றாரு?"

"இருக்கிறத காப்பாத்திக்கச் சொல்றாரு. போனது போனதுதானாம்."

விஷயம் வெளியே தெரிந்தால் பட்டறையைச் சாத்த வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கை இல்லாமல் பக்கிரி என்பவர் யார் என்று பக்கிரிக்கே தெரியவில்லை. லாரிகளையும் வேன்களையும் காதை வைத்துச் சமாளித்தார். அவை எதையும் கத்திச் சொல்லும் ஜாதி.

மாசியில் ஸ்ரீதர் வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. யாரோ ஓட்டிக் கழித்த வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. தரையோடு தரையாக இருந்ததால், குறிஞ்சிப்பாடிக் கோழிகள் அதற்கு அடியில் போக வழியில்லாமல் மேலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

"மாமா, ரெண்டுலேருந்து மூணு போடுறப்ப கையில தட்டுது. பிடிப்பே இல்ல, கொழகொழன்னு இருக்கு. நெட்டுல பாத்து இத வரவழைச்சேன்."

பார்சலுக்குள் முழ நீளத்தில் ஒரு டேம்பர் இருந்தது. பைக் ஷாக் அப்சார்பருக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்து விடும்போதெல்லாம் இன்ஜின் தொட்டில்போல முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தில் கியர் போடுவது, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது மாதிரி. ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையை பாடியிலும் பூட்டிவிட்டால், கதவைப் பிடித்துக்கொள்ளும் கையாக டேம்பர் நிற்கும். ஆனால் ரொம்ப இறுக்கிப் பிடித்தால் இன்ஜினின் நடுக்கமெல்லாம் உள்ளே உட்கார்ந்திருப்பவரிடம் வந்துவிடும். இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு வளையம் இருந்தது. திருகினால் விரல் சொடுக்குவதுபோலச் சத்தம் வரும். மொத்தம் பதினாறு சொடுக்கு.

"எத்தனையில வைக்கணும்னு போட்டிருக்கா தம்பி?"

"கைக்குப் பிடிச்ச அளவுல வைங்கன்னு போட்டிருக்கு மாமா. உங்க கை இருக்கிறப்ப எனக்கு என்ன கவலை?"

பக்கிரி ஸ்பேனரைத் தேடுவதுபோலத் திரும்பிக்கொண்டார்.

பூட்டி முடித்து, நாலாவது சொடுக்கில் வைத்துக் கிளம்பினார்கள். பக்கிரி ஓட்டினார். உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. ஆலப்பாக்கத்தில் நிறுத்தி எட்டாக்கினார். ஒன்றுமில்லை. புதுச்சத்திரத்தில் பன்னிரண்டு. கதவின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன, கை மட்டும் கட்டையாகவே கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் கடைசிவரை திருகினார். பதினாறு.

வண்டி நகர்ந்தது. மூன்றாவது கியர் விழுந்தபோது, உள்ளங்கையின் நடுவில் எறும்பு ஊர்ந்தது. அப்புறம் பத்து எறும்பு. மணிக்கட்டுவரை ஒரு புற்றே கலைந்து ஏறியது. ஒரு வருஷமாக ஊரில் இல்லாத கை, பெட்டி படுக்கையோடு திரும்பி வந்துவிட்டது.

"வந்துடுச்சு தம்பி!"

"எ-எ-எது மா-மா?"

ஸ்ரீதரால் ஒரு சொல்லை முழுசாகச் சொல்ல முடியவில்லை. மூக்குக்கண்ணாடி இரண்டு தரம் மடியில் விழுந்தது. ஆலப்பாக்கத்தில் வாங்கி அவர் காலடியில் வைத்திருந்த மோர் பாக்கெட்டில், வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது கொட்டைப்பாக்கு அளவு வெண்ணெய் திரண்டிருந்தது. பக்கிரி எதையும் கவனிக்கவில்லை. தேவையே இல்லாமல் கியரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சிதம்பரம் மேல வீதியில் காபிக்கு நிறுத்தினார்கள்.

"மாமா, கோச்சுக்காதீங்க. அதிர்வு ரொம்ப ஜாஸ்தியா இருக்கே? பல்லெல்லாம் ஆடுது."

"இதான் செட்டிங். நாலு நாள்ல பழகிடும்."

"உங்களுக்கு அதிரலையா?"

"சொகமா இருக்கு தம்பி."

காபி வந்தது. கொதிக்கக் கொதிக்க, பித்தளை டம்ளரில். ஸ்ரீதர் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுவிட்டு உதறினார். பக்கிரி தன் டம்ளரை உள்ளங்கை முழுக்கப் பொத்திப் பிடித்து, ஆற அமரக் குடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீதர் டம்ளரைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே இருந்த பழைய கொப்புளத் தழும்பையும் பார்த்தார்.



"அதே இருக்கட்டும் மாமா," என்றார் ஸ்ரீதர், தெருவைப் பார்த்தபடி. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நான் பழகிக்கிறேன்."

திட்டியிருந்தால் பக்கிரி பதிலுக்குத் திட்டியிருப்பார். ஆடும் பல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நல்ல வசவுகூடத் தயாராக வைத்திருந்தார். இப்போது டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய் பானெட்டைத் தூக்கினார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணு தம்பி. தண்ணி பாட்டில எனக்குத் தெரியற மாதிரி முன்னால வை."

தூக்கிய பானெட்டின் இடுக்கில், கண்ணாடி வழியே பாட்டிலைப் பார்த்துக்கொண்டே வளையத்தைப் பின்னுக்குத் திருகினார். பதினைந்து. பதினாலு. ஒவ்வொரு சொடுக்குக்கும் எறும்புகள் இறங்கிப் போவதுபோல இருந்தது. பத்தில் தண்ணீரின் குதிப்பு நின்றது. ஐந்தில் அலையே இல்லை. அங்கே நிறுத்தினார்.

திரும்பும்போது ஸ்ரீதர் ஓட்டினார். கியர் ஒவ்வொன்றும் தானாகப் போய் உட்கார்ந்தது. நல்லவர், வழி நெடுக ஒரு வார்த்தை பாராட்டிச் சொல்லாமல் அடக்கிக்கொண்டு வந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் அடக்க முடியவில்லை.

"மூணாவது... வெண்ணெய் மாமா."

"ம்."

பட்டறை வாசலில் வண்டி நின்றது. வழக்கப்படி பக்கிரி குமிழின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். உள்ளே இருட்டு மட்டும் இருந்தது. எந்தப் பல்லும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாரோ, சாப்பாட்டுத் தூக்கோடு வந்த லோகநாயகி எட்டவே நின்றுவிட்டார்.

"நீயே சொல்லு தம்பி," என்றார் பக்கிரி, கண்ணைத் திறக்காமல்.

ஸ்ரீதர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, மாமா."

பக்கிரி இறங்கிக்கொண்டார். ஸ்ரீதரும் இறங்கிச் சுற்றி வந்து, விடைபெறுவதற்காக அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். நன்றாக அழுத்தித்தான் பிடித்திருக்க வேண்டும். குனிந்து பார்த்துத்தான் பக்கிரி தெரிந்துகொண்டார்.